லேமினேஷன் போட்ட மார்க் ஷீட்டும் ஐந்து நாடுகளும்

நீலகிரி மலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஜூன் மாதம் ஈரம் இறங்கினால் பீரோவுக்குள் இருக்கும் காகிதம் வரை பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வந்த வாரமே கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிடுவோம். வெளிநாடு போக முடிவு செய்தபின் முதலில் காலை வாரியது அதுதான். சான்றிதழ் உண்மையானது என்று அரசு உறுதி செய்யும் அட்டெஸ்டேஷன் முத்திரையும் ஸ்டிக்கரும் அசல் சான்றிதழின் பின்பக்கத்தில் விழவேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் சென்னையில் கவுன்ட்டர் முன்னால் நின்றால் கிடைத்த பதில்: "பிளாஸ்டிக் மேல சீல் எப்படிங்க போடறது? உரிச்சுட்டு வாங்க." அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இஸ்திரிப் பெட்டியை லேசாகக் காட்டினால் உரிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். உறையோடு சேர்ந்து மையும் வரும், பள்ளி முத்திரை பாதியோடு நிற்கும். படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக இரண்டாம் படிக்கு விண்ணப்பிப்பதுதான் ஒழுங்கான வழி. அது மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே எந்த நாடு என்று முடிவாவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். இனி வாங்கும் சான்றிதழ்களைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் போதும்.

அந்தப் பயணமே வீண் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஏஜென்ட் "எந்த நாடாக இருந்தாலும் அப்போஸ்டில் வேணும் சார்" என்று சொல்லியிருந்தார். அப்போஸ்டில் என்பது ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரை. எங்கள் பட்டியலில் முன்னால் நின்றது ஜெர்மனி. அந்த உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. இந்திய அப்போஸ்டிலுக்கு அங்கே அந்த உடன்படிக்கையின் மதிப்பு இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையிலேயே கிடையாது. அங்கே போக மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். சவூதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டிலை ஏற்கிறது. ஆக, நாடு முடிவாகாமல் முத்திரைக்குப் பணம் கட்டாதீர்கள். அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் காகிதத்துக்கு 50 ரூபாய்தான், பில்லில் மீதியெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கு.

நாடு தேர்வுக்கு வருவோம். எல்லோரும் சம்பளத்திலிருந்து தொடங்குகிறார்கள், நாங்களும் அப்படித்தான் ஒரு வருடத்தை விட்டோம். முதலில் பார்க்க வேண்டியது விண்ணப்பிப்பவரின் வயது. புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், துணையோடு விண்ணப்பித்தால் 20 முதல் 29 வயது வரை வயதுக்கென்று 100 புள்ளி. 30-லிருந்து வருடத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து 36-ல் 65-க்கு வந்துவிடும், 45-ல் பூஜ்யம். வேலை உத்தரவு கையில் இருந்தால் கிடைத்த கூடுதல் புள்ளியையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதைக் காட்டி "ஜாப் ஆஃபர் வாங்கித் தருகிறேன்" என்று இன்னமும் பணம் கேட்பவர்கள் கோவையில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் புள்ளி விசாக்களுக்கு 45 வயதோடு கதவு மூடும். 65 புள்ளி இருந்தால் மனு போடலாம், அழைப்பு வர அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. ஜெர்மனி பட்டதாரிகளுக்குக் கொடுக்கும் வேலை விசாவான ப்ளூ கார்டுக்கு வயது வரம்பு கிடையாது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இது ஒன்றே கணக்கை மாற்றிவிடும்.

இரண்டாவது, துணைவரின் வேலை. வீட்டில் ஆசிரியை இருந்தால் கவனமாகப் பாருங்கள். ஒரே பாடத்தில் பி.எஸ்ஸி., பி.எட். முடித்தவர் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராவது கடினம். பொதுவாக அங்கே ஆசிரியர் இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும், ஜெர்மன் மொழியும் உயர்நிலையில் கேட்பார்கள். ஆனால் ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு விசாவுக்காக ஜெர்மன் சான்று தேவையில்லை, வேறு வேலை செய்யவும் தடையில்லை. ஆஸ்திரேலியா ஆசிரியரை எடுக்கும். தகுதி மதிப்பீட்டுக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவில் பேச்சிலும் கேட்டலிலும் 8 வேண்டும், எழுத்திலும் வாசிப்பிலும் 7.

இந்தத் தேர்விலும் ஒரு அடி வாங்கினோம். பயிற்சி மையத்தில் "அகாடமிக் எழுதிட்டா எல்லாத்துக்கும் செல்லும்" என்றார்கள். கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அதே தேர்வின் ஜெனரல் டிரெய்னிங் பிரிவு மட்டும்தான் செல்லும். கட்டிய பதினேழாயிரத்துக்கு மேல் போனது போனதுதான். இன்னொன்று: அக்டோபர், நவம்பரில் காலைத் தேர்வுக்குப் பதிவு செய்தால் முந்தின இரவே கோவையில் தங்கிவிடுங்கள். அந்த மாதங்களில் மலைப்பாதையில் எப்போது மண் சரியும், எந்த வளைவில் மரம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வு மையம் அதற்காகக் காத்திருக்காது.

மூன்றாவது, கையிருப்பு. கனடாவுக்கு 2025 ஜூலைக் கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362 கனடா டாலர் காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டம் எத்தனை ஏக்கர் இருந்தாலும் இதில் சேராது. கடன் வாங்கிய பணமும் சேராது. தோட்டத்தை விற்று ஈடுகட்டலாம் என்று கூடலூர்ப் பக்கம் நினைப்பவர்கள், நிலம் ஜென்மம் என்ற பழைய நில உரிமை முறையை ஒழித்த சட்டத்தின் பிரிவு 17-க்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படிப் பட்டா இல்லாமல் நிற்கும் நிலத்தை யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள். வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி, நிலுவைக் கடன் நான்கும் இருக்க வேண்டும். எங்கள் கிளையில் இருப்பை மட்டும் எழுதி, "எங்க ஃபார்மட் இதுதான்" என்று கையில் கொடுத்தார்கள். மூன்றாம் முறை, வேண்டிய வரிகளை நாங்களே டைப் செய்து கொண்டுபோனோம். மேலாளர் லெட்டர்ஹெட்டில் எடுத்து, பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிரிட்டனைக் கணக்குப் போட்டே விட்டோம். சாதாரண வேலை விசாவில் சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை, ஐந்து வருடம் என்றால் 18,110 பவுண்டை விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டார்கள். அந்த வேலைக்கு இனி யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் என்றால் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

கடைசியில் ஜெர்மனிக்கே வந்தோம். 2025-ல் ப்ளூ கார்டுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோவாக இருந்தது, ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு 43,759.80. வருடா வருடம் ஏறும், ஆஃபர் லெட்டர் தேதியை நம்பி இருக்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனியில் உள்ள மதிப்பைக் காட்டும் அனபின் தளத்தில் கல்லூரிப் பெயரைத் தட்டி "இல்லையே" என்று பதறுகிறவர்கள் அநேகம். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். அதற்கு நேரே அங்கீகாரக் குறியான எச்-பிளஸ் இருக்க வேண்டும், பட்டமும் தனியாகப் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள். பட்டம் பட்டியலில் இல்லையென்றால் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். மொழி ஏ1 இருந்தால் 27 மாதத்தில், பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது என்றால் யோசியுங்கள்: பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிக்குப் பிரித்துவிடுகிறார்கள், மொழி தெரியாமல் அந்த நேரத்தில் போய் நிற்பது கஷ்டம். ஆறு, ஏழு வயது நல்ல வயது.

பெயர் ஒன்று பாக்கி. மார்க் ஷீட்டில் ஒற்றை இனிஷியல், கணவர் பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், மனைவி பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றில் அம்மாவுக்குப் பழைய இனிஷியல். ஒரே பெண்தான் என்று மூன்று இடத்தில் விளக்க வேண்டியிருந்தது. கல்யாணச் சான்று அதற்குப் பாலம். ஊர்க்கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். பதியும்போது இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.