பத்துக் கட்டமும் ஒரு பொட்டலம் நீலமும்

மூன்று வாரம் ஆகிறது, பலகையில் பூசிய கறுப்பு ஆயில் பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டுகிறது. என் ட்யூப் நிறங்களைப் பூசிச் சோதிக்கும் இந்த வேலையில் நான் இறங்கியதே அந்தக் கறுப்பால்தான். போன வருஷம் பெங்களூரு அல்சூர் ஏரியை ஆயில் பெயின்டில் வரைந்தபோது அடியில் ஐவரி ப்ளாக் என்ற அந்தக் கறுப்பைத் தாராளமாகப் பூசி, அது தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததை நம்பி, மேலே பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தை மெல்லிசாக வைத்தேன். நாலு மாதத்தில் ஏரி வற்றிய குளம் மாதிரி வெடித்துவிட்டது. மேலே இருந்தது சீக்கிரம் காய்ந்து இறுகிவிட்டது, அடியில் இருந்தது இன்னும் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் ஜூலை முதல் ஞாயிறு ப்ரைமர் அடித்த பலகை ஒன்றில் பத்துக் கட்டம் போட்டேன். எல்லாவற்றுக்கும் குறுக்கே இந்தியன் இங்க்கில் ஒரு கோடு, எந்த நிறம் அதை மறைக்கிறது, எது விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க. என்னிடம் இருந்தது ஒன்பது ட்யூப்தான், பத்தாவது கட்டம் காலி.

பூசுவதற்கு முன்னால் ட்யூப்களைத் திருப்பிப் பார்த்தேன். ஜனவரியில் குமார க்ருபா ரோட்டில் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தை நடந்தபோது ஓவியர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன், "பேரை விடுங்க சார், பின்னாடி சின்ன எழுத்துல நம்பர் இருக்கும், அதைப் படிங்க" என்றார். உண்மைதான். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன், முதல் பி பிக்மென்டுக்கு, அடுத்தது ப்ளூவுக்கு. நான் இத்தனை நாள் காட்மியம் ரெட் என்று நினைத்துப் பூசிய ட்யூபில் பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று பொடியாக இருந்தது, காட்மியத்துக்கான பி.ஆர். 108 எங்கேயும் இல்லை. வேறு ஏதோ சிவப்பு, சாயல் மட்டும் காட்மியம். நிஜக் காட்மியம் அடியில் இருப்பதை அப்படியே மூடிவிடும். என் கட்டத்தில் இங்க் கோடு வேட்டிக்குள் தெரியும் கோடு போட்ட டிராயர் மாதிரித் தெரிந்தது.

காய்வதைப் பற்றி ஒன்று. பெயின்டில் நிறப் பொடியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அந்த வேலையைச் சில நிறங்கள் துரிதப்படுத்தும். அம்பர் மண்ணில் மாங்கனீஸ் இருப்பதால் மூன்றாம் நாள் காலையிலேயே அதைத் தடவ முடிந்தது. வெள்ளைக்கு ஒரு வாரம், அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல். கறுப்பு என்பது எலும்புக் கரி, அதில் அப்படி உதவி செய்ய எதுவும் இல்லை, எண்ணெயையும் நிறையக் குடிக்கும். பெங்களூரு ஜூலைத் தூறல் வேறு. (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அதே ஆக்சிஜன் வேலையில் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். நான் தண்ணீர் டப்பாவில் முக்கி வைக்கிறேன்.)

வெள்ளையில் கலந்தும் பார்த்தேன். தாலோ ப்ளூ கடுகளவு போதும், மொத்த வெள்ளையும் வானமாகிவிடும். அல்ட்ராமரைன் அதே அளவுக்கு வர மிளகு மிளகாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது.

அப்புறம் அந்தப் பத்தாவது கட்டம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா வேட்டிக்குப் போட நீலப் பொடி ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். சொட்டு நீலம் இல்லை, அது சாயம். பழைய காலத்துப் பொடி நீலம், அதுதான் அல்ட்ராமரைன். ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்ஷானில் தோண்டிய லாபிஸ் என்ற நீலக் கல்லை இடித்து எடுத்த நிறம், ஐரோப்பாவில் அதைத் தங்கத்துக்கு இணையாகப் பேசினார்கள். 1828-இல் ப்ரெஞ்சுக்காரர் கிமே களிமண், சோடா, கந்தகம், கரி இவற்றைச் சேர்த்துச் சுட்டு அதைச் செயற்கையாகச் செய்துகாட்டினார், அதற்கப்புறம் அது துணி துவைக்கும் கல் வரைக்கும் வந்துவிட்டது.

பொட்டலத்தில் இருப்பது அதுதானா என்று முதலில் சோதித்தேன். ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டு ராத்திரி மூடி வைத்தேன். காலையில் நீலம் வெளுத்துச் சாம்பலாகி இருந்தது, மூடியைத் திறந்ததும் லேசாக அழுகிய முட்டை வாடை. உள்ளே இருக்கும் கந்தகத்தை அமிலம் கிளப்பிவிடுகிறது. தாலோவாக இருந்தால் அசைந்திருக்காது. சரி, ஆள் இவர்தான்.

மீதியைத் தண்ணீரில் கரைத்து, படியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, இப்படி ஐந்து தடவை. சோடா கீடா கலந்திருந்தால் போகட்டும் என்று. காயவைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கண்ணாடித் தகட்டில் கொட்டி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அரைக்கக் குழவி மாதிரி ஒரு கண்ணாடிக் கருவி விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு பேப்பர் வெயிட்டின் தட்டை அடியைப் பிடித்து எட்டு எழுதுகிற மாதிரி சுற்றினேன். முக்கால் மணி நேரம், தோள்பட்டை போயிற்று. உலர்ந்திருந்தபோது பளீரென்ற பொடி எண்ணெய் பட்டதும் நனைந்த துணி மாதிரி இருண்டது. ஒளியை வளைப்பதில் அதுவும் எண்ணெயும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் வெளிச்சம் திரும்பாமல் உள்ளே போய்விடுகிறது. டைட்டானியம் வெள்ளைக்கும் எண்ணெய்க்கும் அதில் பெரிய வித்தியாசம், அதுதான் எல்லாவற்றையும் மூடுகிறது.

கத்தியால் தூக்கினால் தேன் மாதிரி நூல் நூலாக ஒழுகியது, வெண்ணெய் மாதிரி நிற்கவில்லை. அல்ட்ராமரைனுக்கே அந்தக் குணம் உண்டாம், கம்பெனிகள் மெழுகு மாதிரி ஏதாவது சேர்த்துத்தான் நிற்க வைக்கிறார்கள். பூசினேன், ட்யூப் நீலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மங்கல், விரலுக்கு மணல் மணலாக. ஆனால் இங்க் கோடு இரண்டிலும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

"ஏன்டா, வேட்டிக்கு வாங்கினதைப் பலகைக்குப் போட்டுட்டியா" என்றார் அம்மா. புதுப் பொட்டலம் வாங்கப் போன கடையில் கோயில் சுவருக்கு அடிக்கும் காவிப் பொடியும் இருந்தது, 100 கிராம் எடுத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து தம்ளரில் ஊறுகிறது. நிஜ இரும்புக் காவி என்றால் இந்நேரம் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருக்க வேண்டும். மேல்நீர் இன்னும் ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது.