கடைத்தெருவுல ஒரு ஆணி

2000 ஜனவரி, மலேசியாவுல ஃபார்ம் ஃபோர், அதாவது பதினாறு வயசுப் பசங்க கிளாஸ், முதல் நாள். என் பக்கத்துல உட்கார வேண்டியவன் வரல. டீச்சர் மூணு நாள் பேரு கூப்பிட்டுப் பாத்துட்டு ரிஜிஸ்டர்ல கோடு போட்டுட்டாங்க, எனக்கு அன்னிக்கு முழுக்க சாப்பாடே இறங்கல.

அவன் வீடு பினாங்குத் தீவுல ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்ல, நம்ம ஆளுங்க வாயில கடைத்தெரு. கீழ கடை, மேல ரெண்டு ரூம்ல மூணு குடும்பம். அவங்கப்பா அஞ்சடியில, அதான் கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதையில, உட்கார்ந்து மாலை கட்டுவாரு, தூண்ல ஒரு ஆணி, அதுல நாரை மாட்டி இழுத்து இழுத்து முடிச்சு போடுவாரு பாருங்க, கண்ணெடுக்கவே முடியாது. காலைல மாரியம்மன் கோயிலுக்குப் பூ கொடுத்துட்டு இவன் கிளாஸுக்கு வந்தா பென்ச் முழுக்க மல்லிகை வாசனைதான்.

அப்ப எங்களுக்கு விஷயம் புரியல. 1948க்கு முன்னாடி கட்டின கடைவீடுகளுக்கு 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்துச்சு, வாடகைய இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, ஆளுங்கள சுலபமா கிளப்பவும் முடியாது. 1997ல அத ரத்து பண்ணி 1999 கடைசி வரைக்கும் தவணை கொடுத்தாங்க, அது முடிஞ்சதும் வாடகை பல மடங்கு ஏற, வீடு வீடா காலி. வீட்டு ஓனருங்களுக்கும் நியாயம் இருந்துச்சு, அந்த வாடகையில ஓடு மாத்தக்கூட கட்டுப்படியாகாது, ஒத்துக்கறேன். ஆனா குடியிருந்தவங்களுக்கு அதே வட்டாரத்துல ஒரு இடம் பாத்துக் கொடுத்துட்டு இல்ல சட்டத்த எடுத்திருக்கணும்! ஏற்கெனவே 1969ல ஃப்ரீ போர்ட், அதாவது சுங்க வரி இல்லாத துறைமுகம்ங்கற அந்தஸ்து போனதுலயே துறைமுகத்த நம்பி இருந்த ஏவாரம் பாதி படுத்துருச்சு.

2008 ஜூலைல ஜார்ஜ்டவுன யுனெஸ்கோ பாரம்பரிய நகரம்னு அறிவிச்சப்ப இங்க மெல்போர்ன்ல டிவி முன்னாடி அழுதுட்டேன். பல இனத்து மக்கள் சேர்ந்து வாழ்ற பண்பாட்டுக்காகவும்தான் அந்தப் பட்டம் கொடுத்தாங்க. அந்த மக்கள்ல எத்தனையோ பேரு அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே மூட்டை கட்டிட்டாங்களே.

போன லீவுல போயிருந்தேன். சுவரெல்லாம் புதுசா பெயின்ட் அடிச்சு ரொம்ப அழகாத்தான் வச்சிருக்காங்க, மேல அந்த ரெண்டு ரூமும் இப்ப டூரிஸ்ட் தங்கற ஹோட்டல். தூண்ல ஆணி மட்டும் அப்படியே இருக்கு, அது மேலயும் பெயின்ட். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன், தீவுக்கு எதிர்க்கரையில ஃப்ளாட்ல இருக்கான், லாரி ஓட்டுறான்.

ராத்திரிதான் பதில் வந்துச்சு. "டேய், அது அப்பா அடிச்சது இல்லடா, தாத்தா அடிச்சது."