அக்காவோடு உயூனி உப்புவெளிக்கு

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு. சான் பெத்ரோ தெ அத்தகாமா, சிலி

நாளைக் காலை வண்டி வருகிறது. மூன்று நாள் பயணம். இங்கிருந்து ஆண்டிஸ் மலையேறி, எல்லை தாண்டி பொலிவியாவுக்குள் நுழைந்து, ஏரிகளையும் எரிமலைகளையும் பார்த்துக்கொண்டே வடக்கே போய், கடைசி நாள் உயூனி உப்புவெளி. காலாமாவில் செம்புச் சுரங்க வேலைக்கு வந்து நாலு வருஷமாகிவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நான் இதுவரை போகவில்லை. அக்கா வரட்டும், சேர்ந்து போகலாம் என்று வைத்திருந்தேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் உப்பு வாரியவள். அக்காவும் பதினாலு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் அம்மா கூடவே அளத்துக்குப் போனாள். நான் கடைக்குட்டி, என்னைப் படிக்க அனுப்பினார்கள். லீவு நாளில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ்வளவுதான் என் உப்பள அனுபவம். உலகத்திலேயே பெரிய உப்புத்தரை, 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று போனில் சொன்னபோது அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவ்வளவையும் யாருல வாருவாங்க?"

இந்த ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரம். நாளைக்கு ஒரு மணி நேரத்தில் 4,400-ஐத் தாண்டிவிடுவோம், அதனால் உடம்பு பழகட்டும் என்று இரண்டு நாள் முன்னாடியே வந்து தங்கினோம். பயணம் விற்கிற கடைகளில் நான் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியில் இருக்குமா என்றுதான் கேட்டேன். ஒரு கடையில் "அதெல்லாம் தேவைப்படாது" என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம். போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். இருநூறு ரூபாய் குறைகிறது என்று பார்க்கிற இடமில்லை இது.

செப்டம்பர் 9, திங்கள். லகுனா கொலொராதா அருகே

விரல் நடுங்குகிறது, ஆனாலும் இன்றைக்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் ஹிதோ காஹோன் எல்லைச்சாவடி. மொட்டை மலையில் காற்று மட்டும்தான். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வாங்கி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு லேண்ட் குரூசரில் ஏறினோம். நாங்கள் இரண்டு பேர், பிரேசிலில் இருந்து அக்கா தங்கை இரண்டு பேர், ஒரு பிரெஞ்சு ஜோடி, அப்புறம் ஓட்டுநர். அவர்தான் வழிகாட்டி, சமையல், மெக்கானிக் எல்லாம். ஐம்பது வயதிருக்கும், வீட்டில் கெச்சுவா பேசுகிறவர். இங்கே ஓட்டுநரை மரியாதையாக 'மாஎஸ்த்ரோ' என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது, ஆனால் மத்தியானத்துக்குள் அவர் அவளுக்கு 'அண்ணாச்சி' ஆகிவிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார்.

எல்லை தாண்டியதும் நாங்கள் நுழைந்த வனவிலங்குக் காப்பகத்துக்கு எதுவார்தோ அவாரோவா என்ற மனிதரின் பெயர். 1879-இல் பசிபிக் போர் தொடங்கியபோது, சிலிப் படையை எதிர்த்து நின்று செத்தவர். அவர் விழுந்தது காலாமாவில். நான் தினமும் வேலைக்குப் போகிற அதே காலாமா அன்றைக்கு பொலிவியாவில் இருந்தது. அந்தப் போரில்தான் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. மாஎஸ்த்ரோ இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை, ஆனால் 'இழந்தோம்' என்றுதான் சொன்னார், நேற்று நடந்த மாதிரி. நாலு வருஷம் அந்த ஊரில் இருந்துகொண்டு இதை இங்கே வந்துதான் காதால் கேட்கிறேன்.

லிக்கன்காபூர் எரிமலையின் காலடியில் பச்சை ஏரி. பிறகு பொல்கெஸ் வெந்நீர் ஊற்று, மற்றவர்கள் இறங்கிக் குளித்தார்கள், அக்கா சேலையை முழங்கால் வரை தூக்கிக் காலை மட்டும் நனைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் சோல் தெ மன்யானா, 4,800 மீட்டருக்கும் மேலே. தரையில் குழி குழியாகச் சாம்பல்நிறச் சேறு கொதிக்கிறது, கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது 'பொளக் பொளக்' என்று சத்தம் வருமே, அதே சத்தம்தான். கந்தக நாற்றம் வேறு. வேலி கிடையாது, ஓரம் இடிந்துவிழும், மாஎஸ்த்ரோ காட்டிய தடத்தை விட்டு யாரும் விலகவில்லை.

சாயங்காலம் லகுனா கொலொராதா. தண்ணீர் சிவப்பு, செங்கல் கரைத்த சிவப்பு. அதில் இருக்கிற பாசிதான் காரணம். நடுநடுவே வெள்ளைத் திட்டுகள், அது போராக்ஸ். பரந்து கிடக்கிறதே தவிர ஆழம் கிடையாது, அந்தப் பாசியைத் தின்னத்தான் பூநாரைகள் இவ்வளவு மேலே வந்து இருக்கின்றன. மூன்று இனம் இங்கே உண்டு. அதில் ஜேம்ஸ் பூநாரை என்பது அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள், 1950-களில்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊர் அளங்களுக்கும் பூநாரை வரும், அது வேறு இனம். அக்கா அவற்றைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "உப்புத் தண்ணி எங்க இருந்தாலும் இதுக வந்துருது பாரு."

அதுதான் அவள் நன்றாகப் பேசிய கடைசிப் பேச்சு. ராத்திரி சூப்பைப் பார்த்ததுமே வேண்டாம் என்றாள், எட்டு மணிக்குத் தலைவலி, ஒன்பதுக்கு வாந்தி. இந்த உயரத்தில் காற்றில் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீதம்தான். மாஎஸ்த்ரோ சிலிண்டரைத் தூக்கிவந்து முகமூடியை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அரைமணிக்கொரு தரம் அவள் விரல் நகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார், நீலம் பாய்கிறதா என்று. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மூணு மணிக்கு மேல்தான் அவள் தூங்கினாள். வெளியே மைனஸ் பத்துக்கும் கீழே.

செப்டம்பர் 10, செவ்வாய். உப்புவெளியின் ஓரம், உப்பு விடுதி

அக்கா எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது "அண்ணாச்சி தூங்குனாரா?" என்று. தூங்கவில்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் கொடுத்த வைத்தியம் கொக்கா இலை. காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் காம்பைக் கிள்ளிவிட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கூடவே சாம்பலில் பிசைந்த கரிய கட்டி ஒன்றைத் துளி கடித்துக்கொள்ள வேண்டும். சாறு இறங்கக் கட்டி வேண்டும், கட்டி இல்லாவிட்டால் வெறும் இலை. நான் இதையெல்லாம் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன், அக்கா பாதியிலேயே கையை நீட்டிவிட்டாள். வெற்றிலையும் சுண்ணாம்பும் தெரிந்தவளுக்கு எதற்கு விளக்கம்! கன்னம் லேசாக மரத்தது, தலைவலி குறைந்தது என்றாள். உயரம் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கும், நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

பகல் முழுக்க ஓட்டம். காற்று செதுக்கிய கல் மரம், ஏரிக்குப் பின்னால் ஏரி, நெஞ்சிலிருந்து மெல்லிய புகை விடுகிற ஓயாகுவே எரிமலை, ஒட்டக இனத்தைச் சேர்ந்த விக்கூன்யாக்களின் கூட்டம். மத்தியானம் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு கீன்வாவும் கோழியும். சிகுவானா என்ற சின்ன உப்புத்தரையில் ஒரு தண்டவாளம் குறுக்கே போனது, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் நேர்கோடு. பொலிவியாவின் தாதுக்களைக் கடலுக்குக் கொண்டுபோன பாதை அது.

இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த விடுதியில் சுவர், மேஜை, கட்டில் எல்லாம் உப்புப் பாளங்கள். செங்கல் மாதிரி வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். கட்டிலோரப் பாளம் ஒன்றை அக்கா டார்ச் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவே விரல்கடை அகலத்துக்கொன்றாகப் பழுப்புக் கோடுகள். மழைக்காலத்தில் தூசியும் மண்ணும் படிந்த அடுக்குகள் அவை. "இது ஒரு மழை, இது ஒரு மழை" என்று எண்ணிக்கொண்டே போய், பதினொன்றில் நிறுத்தி, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து நக்கிப் பார்த்தாள். "மண்ணு கடிக்குது. கணக்கப்பிள்ளை இதை ஏத்த விடமாட்டாரு."

செப்டம்பர் 11, புதன். உயூனி

நாலு மணிக்குக் கிளம்பினோம். நிலா இறங்கிவிட்டது. சக்கரத்துக்கு அடியில் சத்தம் மாறியதை வைத்துத்தான் உப்புக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தது, அதுவரை குலுங்கிய வண்டி திடீரென்று படகு போல ஓடியது. வடகிழக்கில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம், நம் ஊரில் அதன் மேல்பக்கம் நிற்கிற திருவாதிரை இங்கே கீழே தொங்குகிறது. அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். விடியுமுன் அளத்துக்கு நடந்த கால்கள், இந்த நேரத்து வானம் அவளுக்குத் தெரியும்.

இன்காவாசி தீவில் சூரியோதயம். உப்புக்கு நடுவே ஒரு பாறைக் குன்று, மேலெல்லாம் ஆள் உயரத்துக்கு நாலைந்து மடங்கு கள்ளிகள். பாறையைத் தொட்டால் பவளப்பாறை மாதிரி சொரசொரப்பு. சுமார் 15,000 வருஷத்துக்கு முன் இந்த இடமெல்லாம் பெரிய ஏரியாக இருந்தபோது தண்ணீருக்கடியில் வளர்ந்த பாசிகளின் சுண்ணாம்பு எச்சம் அது. ஏரி வற்றியது, உப்பு மிஞ்சியது. வடக்கே துனூபா எரிமலை. துனூபா கைவிடப்பட்ட ஒரு தாய், அவளுடைய கண்ணீரும் முலைப்பாலும் கலந்து ஓடி உறைந்ததுதான் இந்த வெள்ளை என்று இங்குள்ளவர்கள் சொல்வார்களாம்.

வெயில் ஏறியதும் மாஎஸ்த்ரோ எல்லோரையும் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். இல்லாதவர்களுக்கென்று ஒரு பை நிறைய வைத்திருந்தார். "ஒரு மணி நேரம் வெறுங்கண்ணோடு நின்றால் ராத்திரி கண்ணில் மணல் போட்டது போல எரியும்" என்றார். அக்கா கண்ணாடியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அம்மாவுக்கு யாரும் ஒண்ணு குடுக்கலியேடா" என்றாள். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதிலேயே பார்வை மங்கிவிட்டது. முப்பது வருஷம் அந்தப் பளபளப்பைக் குனிந்து பார்த்தவள். ஒரு கண்ணாடி என்ன விலை இருந்திருக்கும். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம், அப்புறம் அவளே மாட்டிக்கொண்டாள்.

தரை முழுக்க அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீட்டர் அகலம், ஓரத்தில் விரல் உயரத்துக்கு உப்பு வரப்பு. காய்ந்து வெடித்ததால் வந்த கட்டம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். அடியில் இருக்கிற உவர்நீர்தான் காரணம் என்று இப்போது இயற்பியலாளர்கள் விளக்குகிறார்கள்: மேலே ஆவியாகி உப்பு கூடிய தண்ணீர் கனத்துப்போய்க் கீழே இறங்க, உப்பு குறைந்த தண்ணீர் நடுவில் மேலேறுகிறது, கனத்த தண்ணீர் இறங்குகிற கோட்டில்தான் உப்பு அதிகம் படிந்து வரப்பாகிறது. அக்கா குந்தி உட்கார்ந்து வரப்பைத் தடவினாள். "பாத்தி. யாரும் மிதிச்சுப் போடாத பாத்தி."

இவ்வளவு மட்டமாக இருப்பதும் மழையால்தான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை சில சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும், மேடு கரையும், பள்ளம் நிரம்பும், காய்ந்தால் புதுத் தரை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள், செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். வானம் தரையில் தெரிகிற அந்தப் படங்களெல்லாம் மழைக்காலத்தில் எடுத்தவை, அப்போதுதான் கூட்டமும். எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும், மூன்று மாதம் கடன்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன், "மழைக்குச் சந்தோசப்படுற உப்பா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மற்றவர்கள் பொம்மை டைனோசரை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாஎஸ்த்ரோ எங்களை ஒரு 'கண்'ணுக்குக் கூட்டிப்போனார், உப்பில் தானாக ஓட்டை விழுந்து தண்ணீர் குமிழியிடுகிற இடம். அக்கா விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கரிப்பு, பின்னால் கசப்பு. உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீர் இப்படித்தான் கசக்கும் என்றாள். சரியாகச் சொன்னாள், இரண்டிலும் மக்னீசியம்தான். இந்தத் தண்ணீரில்தான் உலகம் தேடுகிற லித்தியமும் இருக்கிறது, அந்த மக்னீசியம் கூடுதலாக இருப்பதால் பிரித்தெடுப்பதும் சிரமம். லித்தியத்தைப் பற்றி மாஎஸ்த்ரோவிடம் கேட்டேன். "போதோசியில் வெள்ளி போனது எங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஸ்பானியர்கள் ஆண்ட காலத்தில் வெள்ளியை வெட்டி எடுத்துக்கொண்டுபோன ஊர் அது.

பிறகு கொல்சானி. உப்புவெளியின் ஓரத்துச் சின்ன ஊர், அக்காவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. ஊருக்கு வெளியே உப்பைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள், ஈரம் வடிய. "அம்பாரம்!" என்று அக்கா கத்தினாள். மண்வெட்டியோடு இரண்டு பேர், கண் மட்டும் தெரிய முகத்தை மூடியிருந்தார்கள், கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு அறையில் உலர்த்திய உப்பை அரைத்து, அயோடின் கலந்து, ஒரு பெண் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, உப்புக் குவியலை மடிக்குமுன் வைத்து, கையால் அள்ளிப் பையை நிரப்பி, வாயை மடித்து, சின்னத் தீச்சுடரில் ஒரு இழுப்பு. ஒட்டிக்கொண்டது. அடுத்தது.

அக்கா அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கால் புண்ணாகுமா என்று கேட்கச் சொன்னாள், கேட்டேன். அந்த அம்மா ரப்பர் பூட்ஸைக் காட்டிவிட்டு, கையை விரித்துக் காட்டினார். விரல் இடுக்கில் வெடிப்பு. அக்கா தன் கையை விரித்தாள், முப்பது வருஷம் ஆகியும் உள்ளங்கையில் அந்தத் தடிப்பு போகவில்லை. அதற்குப்பின் நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை. அக்கா நாலு பொட்டலம் நிரப்பினாள். சுடரில் ஒட்ட மட்டும் அவரால் ஆகிற வேகம் வரவில்லை, முதல் பை பொத்தலாகிவிட்டது. அந்தப் பொத்தல் பையைத்தான் காசு கொடுத்து வாங்கினாள்.

ரயில் கல்லறையில் பத்து நிமிஷம். துருப்பிடித்த இன்ஜின்கள். அக்கா வண்டியிலேயே தூங்கிவிட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி. காலாமா

நேற்று விடியற்காலையில் உயூனியில் பஸ் ஏறி, ஓயாகுவே வழியாக சாயங்காலம் வந்து சேர்ந்தோம். கிளம்புமுன் மாஎஸ்த்ரோ பார்க்க வந்தார். கொக்கா இலையைச் சிலிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் மீதி இலையை அக்கா அவரிடமே திருப்பிக் கொடுத்தாள், கூடவே ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கருப்பட்டியில் பாதியை. அவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இன்றைக்கு மத்தியானம் அக்கா ரசம் வைத்தாள். கொல்சானி உப்பு. ஒரு கரண்டி கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள், இன்னும் அரைக் கல் போட்டாள், மறுபடி பார்த்தாள். "கரிப்பு சரியாத்தான் இருக்கு. சோறு போடட்டா?"