பூவரச மரத்தடியில் இறங்கிய சாமான்

அம்மா வாய் திறந்து கேட்கவில்லை. சனிக்கிழமை வரவேண்டிய சாமான் வரவில்லை, ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பார்க்கப் போன எனக்கு வெறும் பிளேன்ரீயை நீட்டிக்கொண்டு, "பால்மா முடிஞ்சுது பிள்ளை. சின்னவனுக்கு இந்த மாதம் கை இறுக்கம் போலை" என்றார்.

சின்னவன் என் தம்பி. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். அம்மா திருகோணமலையில், பாலையூற்றில் தனியாக இருக்கிறார், நான் அதே ஊரில் உவர்மலையில். 2020 ஊரடங்கு நாட்களில் கடைக்குப் போக வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் இது. மாதம் ஒருமுறை தம்பி அங்கிருந்தபடியே இங்குள்ள ஒரு சுப்பர் மார்க்கெட்டின் இணையத்தளத்தில் சாமான் போடுவான், தன் கார்டால் காசு கட்டுவான், டவுனில் இருந்து டெலிவரிப் பிள்ளை கொண்டுவந்து இறக்குவான். வெளிநாட்டில் பிள்ளை உள்ள எத்தனையோ வீடுகளில் இப்போது இப்படித்தான். வராவிட்டால் தாய் கேட்கமாட்டாள். கேட்டால் பிள்ளைக்குச் சங்கடம் என்று நினைப்பு.

தம்பிக்கு அழைத்தேன். இங்கே மாலை நாலரை, அங்கே காலை ஏழு. "என்னக்கா சொல்றியள்? சனிக்கிழமையே குடுத்தாச்சு எண்டு மெசேஜ் வந்ததே" என்றான். ஸ்கிரீன்ஷொட்டும் அனுப்பினான். சனிக்கிழமை மாலை 6.10க்கு ஒப்படைக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

இதற்கு முதல் மாதமும் ஒரு வில்லங்கம் நடந்தது. காலை பத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் என்று நேரம் குறித்த சாமான் இரவு ஏழரைக்கு வந்தது, ஐஸ் கோழி தண்ணீராய்ப் போயிருந்தது. அம்மா அன்றிரவே சமைத்துவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம். அப்போதே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் இரண்டாவது முறை பேச ஒரு பிடி இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது.

சரி, கோல் சென்டருக்கு எடுத்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பதிவுக்குரல் மட்டும்தான் தமிழ். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு வந்த பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். இரண்டு கொஞ்சத்தையும் வைத்து ஓடர் இலக்கம்வரை வந்துவிட்டோம். அடுத்து, பதிவு செய்த தொலைபேசி இலக்கம் கேட்டார். கனடா இலக்கத்தைச் சொன்னேன். "அப்ப அவர்தான் கதைக்க வேணும் மிஸ். வாடிக்கையாளர் அவர்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவர்களுடையது நாலே நாலு எண் கொண்ட குறுகிய தொலைபேசி இலக்கம். வெளிநாட்டிலிருந்து அதை அடிக்க முடியாது. தம்பி மூன்று விதமாக அடித்துப் பார்த்தான், ஒன்றும் விழவில்லை. வாடிக்கையாளர் கதைக்க முடியாது, கதைக்கக்கூடியவள் வாடிக்கையாளர் இல்லை. அன்றைக்கு அதோடு முடிந்தது.

மறுநாள் கிளைக்கே நேரில் போனேன். முகாமையாளர் நல்ல மரியாதையான ஆள், கதிரை போட்டு இருத்தினார். சொன்னது மட்டும் ஒரே பாட்டு: ஒன்லைன் வேறை, கடை வேறை. சாமானை எடுத்துக் கட்டுவது அவர்கள் கடையில்தான், கொண்டுபோவது அவர்கள் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்தான், ஆனால் முறைப்பாடு கொழும்புக்காம். கூடவே, 24 மணித்தியாலத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றும் ஒன்றைச் சொன்னார். சாமான் குறைந்தால், பழுதானால் அந்தக் கணக்குச் சரி, சாமானே வராதவள் எந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் எண்ணுவது என்று கேட்டேன். சிரித்தார். பதில் இல்லை.

அன்றிரவு தம்பியைக் கொண்டு மின்னஞ்சல் எழுதுவித்தேன். அவன் முதலில் எழுதியது முழுக்கக் கோபம்: வயதுபோன தாய், ஏமாற்று, பேஸ்புக்கில் போடுவேன் என்றெல்லாம். அதை அழிக்கச் சொன்னேன். இருபது வருடமாகப் பிள்ளைகளின் கட்டுரை திருத்துகிறவள் நான், எது வாசிக்கப்படும் எது வாசிக்கப்படாது என்று கொஞ்சம் தெரியும். ஓடர் இலக்கம், திகதி, பில்லில் உள்ள முகவரி, கட்டிய தொகை 21,340 ரூபா, சாமான் கிடைக்கவில்லை, ஒப்படைத்ததற்கான படமும் கையொப்பமும் வேண்டும், இந்த விடயத்தில் என் சார்பில் என் அக்கா பேசுவார் என்று அவரின் இலங்கை இலக்கம். இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியால்தான் கதவு திறந்தது. அடுத்த முறை நான் எடுத்தபோது யாரும் பதிவு இலக்கம் கேட்கவில்லை.

படம் மட்டும் வரவில்லை. "48 மணித்தியாலத்தில் தொடர்புகொள்வோம்" என்று இரண்டு முறை பதில் வந்தது. மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு, ஒன்பதாம் நாள், வட்ஸ்அப்பில் வந்தது.

முதலில் கையொப்பத்தைப் பார்த்தோம். போன் திரையில் விரலால் இழுத்த ஒரு கிறுக்கல், ஆங்கில எழுத்துப்போல. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் எப்ப இங்கிலீசிலை கையெழுத்து வைச்சனான்?" என்றார். அம்மா வங்கிப் புத்தகத்திலும் முழுப்பெயரைத் தமிழில் எழுதுகிறவர்.

அப்புறம்தான் மற்றப் படம். ஒரு பச்சைக் கேற், அதன் முன்னால் மூன்று பொலித்தீன் பைகள், ஓரத்தில் சரிந்து நிற்கும் ஒரு மரம். எங்கள் கேற் பச்சை இல்லை, அதனால் வேறு யாரோ வீடு என்று சொல்லி வைக்கப் போனேன். அம்மா போனைத் திருப்பி வாங்கினார். "இது எங்கடை பூவரசு."

அலஸ்தோட்டத்தில் நாங்கள் முன்பு இருந்த வீடு. மதில் அப்பா கட்டியது. மரம் சரிந்து நின்றதால் அந்த இடத்தில் மதிலை வளைத்துக் கட்டினார், படத்தில் அந்த வளைவு அப்படியே இருந்தது. தம்பி 2008இல் கனடா போனபோது நாங்கள் அங்கேதான். 2011இல் பாலையூற்றுக்கு வந்தோம். அவன் முகவரியைச் சரியாகப் பாலையூற்று என்று எழுதியிருக்கிறான், ஆனால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியை வைக்கும்போது கை பழைய வீட்டுக்குப் போய்விட்டது. அவனுக்குத் தெரிந்த திருகோணமலை அதுதான்.

அப்படியானால் இத்தனை மாதமும் சாமான் எப்படிச் சரியாக வந்தது? அம்மாதான் சொன்னார். முன்பு வந்த டெலிவரிப் பிள்ளை முதல்நாளே எங்கோ அலைந்து திரிந்துவிட்டு யாரிடமோ விசாரித்து வந்து சேர்ந்தானாம். அதற்குப் பிறகு அம்மாவின் இலக்கத்தைத் தன் போனில் போட்டு வைத்துக்கொண்டு புறப்படும் முன் எடுப்பானாம். "மாதா கோயிலடியாலை திரும்பு, ரெண்டாவது ஒழுங்கை" என்று இவரும் சொல்வாராம். அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டான். புதிய பிள்ளையிடம் இருந்தது புள்ளியும், அவனால் எடுக்க முடியாத ஒரு கனடா இலக்கமும்தான். கம்பனியின் ஏற்பாடு என்று நாங்கள் நினைத்திருந்தது ஒரு பிள்ளையின் போனில் இருந்த அம்மாவின் இலக்கம்.

அன்று பின்னேரமே அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அலஸ்தோட்டம் போனேன். இப்போது அங்கே இருப்பவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அக்கா. நாங்கள் விடயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துவிட்டது. சுவிஸில் இருக்கும் மருமகன் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாராம். மருமகனுக்கு நன்றி சொல்லிக் குரல்பதிவும் அனுப்பினாராம். மருமகன் அதற்கு ஒரு சிரிப்புப் படம் மட்டும் போட்டிருக்கிறார், மறுக்கவில்லை! பைகளுக்குள் பில் இல்லை. பில் மின்னஞ்சலில் தம்பிக்குப் போயிருந்தது. ஒரு கடதாசி இருந்திருந்தால் பெயரைப் பார்த்திருப்பேனே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொருள் வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் கேட்க வேண்டியவன் ஸ்காபரோவில் அல்லவா இருக்கிறான்.

சிவப்பரிசி பத்துக் கிலோ, பருப்பு, ரின் மீன், சவர்க்காரம் எல்லாம் பிரிக்காமல் இருந்தன, தந்துவிட்டார். கோழி, யோகட், அப்பிள், 400 கிராம் பால்மா நாலு பைக்கற்று, இவை முடிந்துவிட்டன. காசு தருகிறேன் என்று உள்ளே போனார், அம்மா மறித்துவிட்டார். பிறகு இருவரும் பூவரசுக்குக் கீழே நின்று அரை மணித்தியாலம் கதைத்தார்கள். ஓட்டோக்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

முடிந்துபோன சாமானின் பெறுமதி 8,760 ரூபா. அதை மட்டும் கேட்டு எழுதினேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை, முழுக்காசையும் கேளுங்கோ என்று நின்றான். அரிசியைக் குசினியில் வைத்துக்கொண்டு அரிசி வரவில்லை என்று எழுத எனக்குக் கை வராது என்றேன். "நாப்பது டொலருக்கு இவ்வளவு பாடாக்கா?" என்றான். காசுக்காக இல்லை, அந்தக் கையெழுத்துக்காக என்று சொன்னேன். அது பாதி உண்மை. ஒன்பது நாள் என்னை அலைக்கழித்த எரிச்சல் மிச்சப் பாதி.

கம்பனியின் பதில் வந்தது: வரைபடத்தில் நீங்கள் குறித்த இடத்திலேயே ஒப்படைத்துள்ளோம், ஆகவே பணம் மீளளிக்க இயலாது.

புள்ளி பிழை எங்களுடையது. அதை நான் மறுக்கவில்லை, கடிதத்திலேயே ஒத்துக்கொண்டேன். ஆனால் எழுத்தில் இருந்த முகவரி சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது வாசலில் நின்று "இன்னார் வீடா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியது யார்? அதுபோக, பெற்றுக்கொண்டவர் என்று அம்மாவின் பெயர் எப்படி வந்தது? அந்தப் பெண் தன் பெயரை யாரும் கேட்கவில்லை என்கிறார். ஓடரில் இருந்த பெயரை அவர்களின் செயலி தானாகவே அந்தக் கட்டத்தில் நிரப்பியிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். யார் வாங்கினாலும் அம்மா வாங்கியதாகத்தான் பதிவாகும். இதில் டெலிவரிப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனமில்லை, அவனை வேலையால் நிற்பாட்ட வேண்டாம் என்றும் எழுதினேன்.

இந்த இடத்தில்தான் 1977க்கு எடுத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். முறைப்பாடு எழுத்தில் வேண்டும், பில்லின் பிரதியும் கடையோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் 13ஆம் பிரிவு இதற்குரியது. விசாரித்துவிட்டு, காசைத் திருப்பவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ நட்டஈடு கட்டவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். கேட்டிருக்கவே தேவையில்லை, வடக்குக் கிழக்கில் நிருவாக மொழியே தமிழ்தான். பழக்கதோஷம்.

தம்பிக்கு இன்னொரு வழியும் இருந்தது. கார்ட்டில் கட்டிய பொருள் வந்து சேராவிட்டால் தன் வங்கியிடமே ஆட்சேபம் போடலாம். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் அதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் கம்பனியின் கையில் படமும் கையொப்பமும் இருக்கும்போது கனடா வங்கிக்காரன் பூவரசு மரத்தை எப்படி விளங்கிக்கொள்வான்? அதனால் அதைக் கடைசிக்கு வைத்தோம்.

ஒன்றரைப் பக்கக் கடிதம். அம்மாவின் வங்கிப் புத்தகக் கையெழுத்தின் பிரதியையும் திரையில் இருந்த கிறுக்கலையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து இணைத்தேன். கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. அடியில், பிரதி: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. இன்னொன்றை அதிகார சபைக்கென்று முறைப்பாடாகவே எழுதி உறையில் போட்டு வைத்தேன், இரண்டு கிழமை பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று.

கொடுக்கத் தேவைப்படவில்லை. தபால் போட்ட ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து ஒருவர் எடுத்தார். நல்ல தமிழ். இந்த ஆள் முதல்நாளே எங்கே இருந்தார் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அச்சடித்த தாளைப் பார்த்ததாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். 8,760 ரூபாவும் கார்டுக்கே திரும்பும், பத்து வேலைநாள் பிடிக்கும் என்றார். பெயர் தானாக நிரம்புவதைப் பற்றிக் கேட்டேன், தொழில்நுட்பப் பிரிவுக்கு அறிவித்திருக்கிறோம் என்றார். அதன் பொருள் என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் வேலைநாள் தம்பியின் கணக்கில் விழுந்தது. நாற்பது டொலர் போன இடத்தில் முப்பத்தெட்டுச் சொச்சம். மிச்சம் நாணயம் மாற்றியதில் வங்கியோடு போய்விட்டது. அதற்கும் ஒரு கடிதம் எழுதுங்கோவன் அக்கா என்று நக்கல் அடித்தான்.

போன கிழமை அடுத்த மாதத்துச் சாமான் போட்டான். இம்முறை தொடர்பு இலக்கமாக அம்மாவின் இலக்கத்தைக் கொடுத்து, வரைபடத்தையும் திருத்தி, புள்ளி சரியா பாருங்கோ என்று படம் அனுப்பினான். பெருப்பித்துப் பார்த்தேன். புள்ளி மாதா கோயில் முற்றத்தில் நின்றது.

அம்மாவிடம் காட்டினேன். "காணும், விடு" என்றார். "கோயிலடியிலை நிண்டு வாங்குவம்."