சார் வாசித்த பழைய பத்திரங்கள்

நம் சமூகப்பாட சார் காலமான செய்தி வளைகுடாவில் இருக்கும் நம்மில் பலருக்கும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அடக்கத்துக்கு இங்கிருந்து யாராலும் போக முடியவில்லை. நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு என்னிடம் கேட்டது பள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை. எனக்கு எழுத வருவதோ சாரைப் பற்றித்தான்.

குமரி மாவட்டத்துத் தக்கலைப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடந்து போகிற வழியிலேயே கிடந்தது. பத்மநாபபுரம் கோட்டை மதிலை ஒட்டித்தான் சைக்கிள் ஓட்டப் படித்தோம். "பாடம் முடிஞ்சாச்சு, இனி நம்ம ஊருக்கு வருவோமா மக்கா?" என்று சார் புத்தகத்தை மூடினால் இரண்டாம் பெல் கூட யாருக்கும் கேட்காது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-ல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். சார் எங்களை அங்கே கூட்டிப்போய், கல்லறையில் லத்தீனோடு வெட்டியிருக்கும் தமிழை உரக்க வாசிக்க வைத்தார்.

பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில், நிர்வாகம் கேரளத்திடம். ஏன் என்று கேட்டால் 1956 நவம்பர் 1 வரை போவார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் அது. அதற்கு முன்னால், 1954 ஆகஸ்ட் 11-ல் அந்த இணைப்புக்காகப் போராடியவர்கள் மேல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். நவராத்திரிக்குத் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். தம் வீட்டுப் பிள்ளைகளை வழியனுப்புகிற முகம் அது.

ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது வேறு காரியத்துக்காக. சின்ன வகுப்புகளை மலையாளத்தில் படித்தவர் அவர். பழைய நிலப் பத்திரங்களோ மலையாளத்தில். நாலு மணி பெல் அடித்ததும் மஞ்சப்பையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். சார் வராந்தாவில் உட்கார்ந்து நாலெல்லையையும் நிதானமாக வாசித்துச் சொல்வார். பத்திரத்தில் இருக்கும் கொல்லம் ஆண்டை, அதாவது மலையாள வருஷத்தை, இங்கிலீஷ் வருஷமாக்க எங்களிடம் கணக்குப் போடச் சொல்வார்: 825 கூட்டு, ஆவணியில் ஆண்டு பிறப்பதால் டிசம்பர் வரைக்கும் 824.

ஒரு நாள் வந்தது என் பாட்டி. வெறுங்கால், முட்டங்கை வரை முந்திரிப் பால் கறை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பு கூசிப்போனது. சார் எழுந்து தன் நாற்காலியைக் காட்டி, "இருங்கம்மா" என்றார். பாட்டி, "வேண்டாம் சாரே" என்று தரையைப் பார்த்தாள். அவள் உட்காரும்வரை சாரும் உட்காரவில்லை. பத்திரம் முழுவதையும் வாசித்து முடித்து, என்னைக் கூப்பிட்டு, அதில் இருந்த பாட்டியின் அப்பா பெயரைத் தமிழில் கரும்பலகையில் எழுதச் சொன்னார். நம் பள்ளியில் எனக்குக் கிடைத்த பாடங்களில் அதற்கு மேல் ஒன்றை நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் விசா வந்தது, கிளம்பினோம். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் நடந்தது. லீவுக்குப் போனால் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை. சாரோடு ஒரு சாயங்காலம் உட்கார வாய்க்கவே இல்லை. அவர் தலைக்குள் இருந்த ஊரில் பாதியாவது யாராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது. இங்கே நம் பிள்ளைகள் அரபி எழுத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள். தாத்தாவின் பத்திரத்தை வாசிக்க வீட்டில் ஆள் இல்லை.

சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த லீவுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பெரியவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து, தமிழில் எழுதி, சார் பெயரில் பள்ளி நூலகத்தில் வைப்போம். எங்கள் வீட்டுப் பத்திரத்தை முதலில் தருகிறேன், செலவிலும் என் பங்கு உண்டு.