சி.டி. நார்மல்தான், ஆனால் கணக்கு வரவில்லை

குறுவை அறுவடைச் சமயத்தில் எங்கள் பக்கத் தார்ச்சாலைகளில் பாதி நெல்லுக்குத்தான் சொந்தம். களம் போதாது, மழை எப்போது பிடிக்கும் என்று தெரியாது. கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். மிஷினில் நெல்லைப் போட்டு அந்த 17ஐப் பார்த்துச் சொல்கிற ஆளே நான்தான். மன்னார்குடிக்குப் பக்கத்து நிலையத்தில் பில் போடும் பட்டியல் எழுத்தர். அதனால் ரோட்டில் நெல் காய்வதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. புரட்டாசிக் கடைசியில், பாமணியாற்றங்கரை ரோட்டில், அந்த நெல்லில்தான் பைக் வழுக்கியது. ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் போதுமான அளவு பேசியாகிவிட்டது.

ஒன்றிரண்டு நிமிஷம் நினைவில்லாமல் கிடந்தேனாம். கண் திறந்தபோது ஒரு அம்மா குனிந்து, “பில்லு போடுற தம்பிதானே நீ?” என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கண்ணில் டார்ச் அடித்தார்கள். என்ன கிழமை, எந்த ஊர், கையைத் தூக்கு. 15க்கு 15 என்று எழுதினார் டாக்டர். நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க, 1974ல் கிளாஸ்கோ டாக்டர்கள் வகுத்த மதிப்பெண் அது. 13லிருந்து 15 வரை வாங்கினால் லேசான தலைக்காயம் என்று கணக்கு. சி.டி. ஸ்கேன் படுத்து எழுந்திருப்பதற்குள் முடிந்தது. ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. வாந்தி வந்தாலோ, தலைவலி கூடினாலோ, எழுப்பினால் எழுந்திருக்காமல் தூங்கினாலோ உடனே வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு நாளில் சரியாகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். ஒரு சிப்பம், அதாவது ஒரு நெல் மூட்டை, 40 கிலோ. 43 சிப்பம் எத்தனை கிலோ என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு 1,720 என்று வருவதற்கு மூன்று தடவை போட வேண்டியிருந்தது. எதிரே விவசாயி நிற்கிறார், பேனா நிற்கிறது. தூற்றுகிற மிஷின் சத்தம் காதில் இல்லை, நெற்றிக்குள் ஓடுகிறது. வீட்டில் டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். மகள் தட்டில் ஸ்பூனைத் தட்டியதற்கும் கத்தினேன். மச்சினன் ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நார்மல்னுதானே மாமா போட்டிருக்கு?” என்றான். அந்த ஒரு வார்த்தை தலைவலியைவிடத் தொல்லையாக இருந்தது. வேலைக்குப் போக மனசில்லாமல் நடிக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். நிதானமாகப் பேசுகிறவர். சி.டி. பார்ப்பது எலும்பையும் பெரிய ரத்தக்கசிவையும்தான். உடனே ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அது போதும். அடிபட்ட வேகத்தில் நரம்பு நார்கள் இழுபட்டிருந்தால் அதில் தெரியாது என்றார். எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றியாயிற்று. அப்புறம் அந்தப் பையன் தயங்கித் தயங்கி, “சார், அரைஞாண் கொடி?” என்றான். வெள்ளிக் கொடி, கல்யாணத்துக்கு முன்னால் அம்மா கட்டியது, கொக்கி துருப்பிடித்துவிட்டது. கடைசியில் கட்டிங் பிளேயர் வாங்கி வந்து வெட்டினார்கள். உள்ளே அரை மணி நேரத்துக்கு மேல். கதிரடிக்கும் மிஷினுக்குள் படுக்கப் போட்ட மாதிரி சத்தம்.

டாக்டர் படத்தைக் காட்டினார். முன்பக்கம் மிளகை நாலாக உடைத்த அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. நுண்ணிய ரத்தக்கசிவின் தடம். எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். நடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதே.

“அப்போ எப்ப சார் சரியாகும்?”

அதற்குத்தான் அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. 2013ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். லேசான தலைக்காயம் பட்ட 135 பேர். சி.டி. நார்மல் என்று வந்தவர்களிலேயே 27 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒன்று தெரிந்தது. மூளையில் கன்றிய இடம் இருந்தாலோ, இந்த மாதிரிப் புள்ளி நான்கோ அதற்கு மேலோ இருந்தாலோ, மூன்று மாதம் கழித்தும் சிரமப்படுகிறவர்கள் அதிகம். என்னுடையது ஒன்று. அதை வைத்து நல்லது என்று சொல்லலாம், தேதி சொல்ல முடியாது என்றார்.

இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. உண்டாம், டி.டி.ஐ. என்று பெயர். நரம்பு நார்களின் ஊடே நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அளப்பது. கரை நன்றாக இருந்தால் வாய்க்கால் தண்ணீர் ஒரே போக்கில் ஓடும், கரை உடைந்தால் நாலாபக்கமும் பரவும். அதுதான் விஷயம் என்று நானாகப் புரிந்துகொண்டேன். அதை எடுக்கலாமா என்றேன். அடிபட்ட நூறு பேரையும் படாத நூறு பேரையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும், தனி ஒருவருக்கு அதை நம்பிச் சொல்ல முடியாது என்றார். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நூறு குவியலின் சராசரி ஈரம் தெரிந்தாலும், முன்னால் கிடக்கும் குவியலில் கை விட்டு நெல் எடுத்துத்தானே பார்க்கிறோம்?

அவர் கை விட்டுப் பார்த்தது வேறு இடத்தில். முன்பே ஒற்றைத் தலைவலி உண்டா, தூக்கம் எப்படி, மனசு எப்படி, வீட்டில் என்ன கவலை. தலையைக் காட்ட வந்தால் தூக்கத்தைக் கேட்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. பிறகு தேடிப் படித்தபோது, நெதர்லாந்து டாக்டர்கள் 2017ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் அதையே சொல்லியிருந்தது: அடிபட்டு இரண்டு வாரத்தில் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்பது தேறுவதைக் கணிக்க ரொம்பவே உதவுகிறது.

இரண்டு நாள் ஓய்வு சரி, அதற்கு மேலும் இருட்டறையில் படுத்திருந்தது தப்பு என்றார். தினமும் தின்றுகொண்டிருந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அதுவே தலைவலி தருமாம். காலையில் ஆற்றங்கரையில் நடை, அரைநாள் கணக்கு, நடுநடுவே கண்மூடி உட்காருவது. கார்த்திகையில் ஸ்பூன் சத்தம் பொறுத்தது. மார்கழியில் தலைவலி வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தது.

தையில் சம்பா வர ஆரம்பித்தது. ஒரு நாள் முழுக்கப் பட்டியல் போட்டேன், பிழையில்லை. டாக்டரிடம் போய், புள்ளி போய்விட்டதா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்றேன். ரத்தத்தில் உள்ள இரும்பின் கறை அது, வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும் என்றார். “அது இருந்துட்டுப் போகட்டும். 43 சிப்பம் எத்தனை கிலோ?”