ஜனவரியில் ஸ்டாப்வாட்ச் வேண்டாம்

புதிய பள்ளி ஆண்டு பிறந்ததும் பெண்கள் திடல்தட அணியைத் திடலில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் 100 மீட்டர் ஓடச் செய்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலை வைத்தே அணியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சிங்கப்பூரின் பல பள்ளிகளில் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதைப் பெற்றோர்களும் சக பயிற்றுவிப்பாளர்களும் அவ்வப்போது கேட்கிறார்கள். இந்தப் பருவம் தொடங்கும் வேளையில் அதை விரிவாக எழுதிவைக்க நினைத்தேன்.

எங்களுக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் திடல்தடப் பிரிவு ஆண்டின் முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை, சீனப் புத்தாண்டு விடுமுறை, முதல் தவணைச் சோதனைகள் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே தொடக்கத்திலேயே யார் வேகமானவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் டிசம்பர் விடுமுறையிலிருந்து திரும்பும் பதினான்கு வயதுப் பெண்ணின் ஜனவரி நேரம், அவளுடைய திறமையைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரு பெண்ணின் உடல் மாறும் வேகத்தைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் எலும்பு நீள்கிறது. தசையின் வலிமை அதைப் பின்தொடர்ந்து மெதுவாகவே வருகிறது. இடுப்பு அகல்கிறது, எடை கூடுகிறது, பழகிய அடியின் நீளம் மாறிவிடுகிறது. அதே வயதுப் பையன்களுக்குப் பருவ மாற்றம் தசையைக் கூட்டி வேகத்தையும் கூட்டிக் கொடுக்கும்போது, பெண்களில் பலருக்கு ஓராண்டோ ஈராண்டோ நேரம் முன்னேறாமல் நின்றுவிடுகிறது. சிலருக்குப் பின்னோக்கியும் போகிறது. உயர்நிலை ஒன்றில் இளையவர்களுக்கான சி பிரிவின் இறுதிச்சுற்றை எட்டிய பெண், உயர்நிலை மூன்றில் அடுத்த வயதுப் பிரிவான பி பிரிவுக்கு வரும்போது தன் பழைய நேரத்தைத் தொட முடியாமல் தவிப்பது இதனால்தான். அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று யாராவது சொல்லிவிட்டால், அவள் அதை நம்பிவிடுகிறாள். அணியைவிட்டு விலகும் பெண்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் விலகுகிறார்கள் என்பது என் அனுபவம்.

சிங்கப்பூரின் விரைவோட்ட வீராங்கனை சாந்தி பெரேராவை எல்லாரும் 2023ஆம் ஆண்டின் வெற்றிகளைக் கொண்டே நினைவுகூர்கிறார்கள்: புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் 200 மீட்டரை 22.57 வினாடிகளில் ஓடியது, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. நான் என் மாணவிகளுக்குச் சொல்வது அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி. 2015இல் நம் தேசிய விளையாட்டரங்கில் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் 200 மீட்டர் தங்கத்தை 23.60 வினாடிகளில் அவர் வென்றபோது அவருக்குப் பதினெட்டு வயது. 1973இல் குளோரி பர்னபாஸ் வென்றதற்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அடுத்த தங்கத்துக்கு அவர் 2022 ஹனோய் வரை காத்திருந்தார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவரை ஒரே ஒரு நாளின் நேரத்தை வைத்து யாரேனும் எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

அப்படியானால் ஜனவரியில் என்னதான் செய்கிறோம்? முப்பது மீட்டருக்கு மேற்படாத குறுகிய ஓட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே முழு ஓய்வு. எளிய வலுப் பயிற்சிகள். முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி என்று சொல்லும், வேகமாக உயரம் கூடும் பெண்களுக்குக் குதிக்கும் பயிற்சிகளை உடனே குறைத்துவிடுகிறேன். மாதவிடாய் நாள்களைப் பற்றித் தயங்காமல் பேசலாம் என்பது அணியின் முதல் விதி. தொடர்ந்து சோர்வாக இருக்கும் பெண்ணை இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுமாறு தாயாரிடம் சொல்லவும் நான் தயங்குவதில்லை. பயிற்சியைக் கூட்டுவதைவிட அது பல சமயம் அதிகம் உதவுகிறது.

மீதி நேரம் முழுவதும் 4x100 மீட்டர் அஞ்சலோட்டத்துக்கே. மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலைவிட்டு உடனே வெளியேற வேண்டும், ஜனவரி மாலைகளில் அது அடிக்கடி வரும். ஆனால் ஒருவர் கையில் ஏந்தி ஓடும் கோலை அடுத்தவரிடம் மாற்றும் பயிற்சியைப் பள்ளி மண்டபத்திலும், கூரையிட்ட நடைபாதையிலும்கூடச் செய்யலாம். முதலில் ஓடுபவர் வலக்கையில், இரண்டாமவர் இடக்கையில், மூன்றாமவர் மீண்டும் வலக்கையில், கடைசியாக ஓடுபவர் இடக்கையில் கோலைப் பிடிக்கிறார்கள். ஓடும்போது கை மாற்றுவதில்லை. கோலை வாங்குபவர் தன் பாதங்களால் அளந்து தடத்தில் ஓர் ஒட்டுநாடா அடையாளம் வைக்கிறார். வருபவர் அதைத் தொட்ட கணத்தில் திரும்பிப் பார்க்காமல் புறப்பட்டுவிட வேண்டும். 2017இன் இறுதியில் விதி மாறியதிலிருந்து கோல் மாற்றும் பகுதி 30 மீட்டர் நீளம் கொண்டது. அதனால் வாங்குபவருக்கு வேகம் பிடிக்கத் தாராளமாக இடமிருக்கிறது, ஆனால் இளம் பிள்ளைகள் பயத்தில் முதல் பத்து மீட்டருக்குள்ளேயே கையை நீட்டிவிடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கப் பல வாரங்கள் ஆகும். பின்னால் வருபவளை நம்பி, பாராமல் ஓடப் பழகுவதே இதன் சாரம். அடுத்த மூவரும் ஓடிக்கொண்டே கோலை வாங்குவதால், நால்வரின் தனித்தனி நேரங்களைக் கூட்டிவரும் தொகையைவிட அணியின் நேரம் குறைவாக அமைய வேண்டும். உடல் மாறிக்கொண்டிருக்கும் பெண் தன்னுடைய 100 மீட்டரில் காணாத முன்னேற்றத்தை இங்கே கண்கூடாகக் காண்கிறாள். அவளை அணியில் தக்கவைக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

சில ஆண்டுகளாக நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. நோன்பிருக்கும் மாணவிகளுக்குக் கடினமான ஓட்டங்களைக் குறைத்து, கோல் மாற்றத்தையும் புறப்பாட்டையும் கொடுக்கிறேன். அவர்களுடன் சேர்ந்து மற்றவர்களும் அதையே செய்வதால் யாரும் தனித்து நிற்பதில்லை.

உயர்நிலை நான்கில் இருக்கும் பெண்களின் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தேசியத் தேர்வு ஆண்டின் இறுதியில் வருகிறது. எங்கள் பருவம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஜனவரியிலேயே அவளை விலக்கிவிட வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். படிப்புக்கு நேரம் போதவில்லை என்றால் பயிற்சி நாள்களைக் குறைத்துத் தருகிறேன்.

ஸ்டாப்வாட்ச் மார்ச்சில் வெளியே வரும். முதலில் அளக்கப்போவது அந்த 30 மீட்டர் பகுதிக்குள் கோல் எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பதை. அதற்குப் பிறகே 100, 200 மீட்டர் நேரங்கள். அவற்றை ஒவ்வொருத்தியிடமும் தனியாகத்தான் சொல்வேன், அவளுடைய சென்ற மாத நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி.